ரைஸ் பேப்பரில் கோதுமை இல்லாத பஃப்ஸ், குரோசான்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா மகளுக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அவளுக்காகத்தான் ரைஸ் பேப்பரில் பஃப்ஸ் செய்யத் தொடங்கினேன். அதன்பிறகு மாடி வீட்டு மதினி, தெப்பக்குளத்துப் பெரியம்மா, அக்கா மகளின் பள்ளித் தோழிகளுடைய அம்மாக்கள் என்று ஆளாளுக்கு போன் செய்து கேட்கிறார்கள். ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றேதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதிக் கீழே பதிலும் போட்டிருக்கிறேன். எங்கள் வீடு மதுரை அண்ணா நகரில். வெயில், காற்று, கடை எல்லாம் அந்தக் கணக்கில்தான் சொல்கிறேன்.

ரைஸ் பேப்பர்னா என்ன? எழுதுற பேப்பரா, திங்கிற பேப்பரா?

நல்ல கேள்வி, ஏனென்றால் அந்தப் பேரில் மூன்று சாமான் இருக்கிறது. ஓவியம் வரைகிறவர்கள் ரைஸ் பேப்பர் என்பது மரப்பட்டை நாரில் செய்த காகிதம். வாயில் வைக்கவே கூடாது. கேக் சாமான் கடையில் ரைஸ் பேப்பர் என்று கேட்டால், கேக் மேல் படம் அச்சடித்து ஒட்டுகிற வெள்ளைத் தாளைக் கொடுப்பார்கள். அது திங்கிற தாள்தான், ஆனால் தண்ணீர் பட்ட உடனே கரைந்துவிடும். நானே முதல் தடவை அதைத்தான் வாங்கி வந்து, தட்டுத் தண்ணீரில் போட்டுவிட்டு எங்கே போனது என்று தேடினேன்.

நமக்கு வேண்டியது வியட்நாம்காரர்களின் தாள். அவர்கள் இதை பான் சாங் என்பார்கள். அரிசி மாவையும் மரவள்ளி மாவையும் நீர்க்கக் கரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் துணியைக் கட்டி, அதன் மேல் ஊற்றி ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டியில் காயப்போடுவார்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரிவது அந்தத் தட்டியின் தடம். கண்ணாடி மாதிரி இருக்கும், அப்பளம் மாதிரி ஒடியும். அதுதான் சரியான தாள்.

மதுரையில எங்க கிடைக்கும்?

வெளிநாட்டுச் சாமான்களுக்குத் தனி அலமாரி வைத்திருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் நூடுல்ஸ், சாஸ் இருக்கும் பக்கம் பாருங்கள். இல்லாவிட்டால் ஆன்லைன்தான். கீழமாசி வீதிக் கடைகளில் கேட்டேன். பேர் புரியாமல் ஒருவர் அரிசி வடகத்தை எடுத்துக் காட்டினார். அப்போது சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் அவர் காட்டியது ஒன்றும் தப்பில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

22 சென்டிமீட்டர் வட்டத் தாள் வாங்குங்கள். சின்ன அளவில் ரோல் சுருட்டத்தான் முடியும், பஃப்ஸ் மடிக்க முடியாது. விலை உறைக்கும். ஒரு பாக்கெட் காசுக்கு இரண்டு மூன்று கிலோ இட்லி அரிசி வாங்கிவிடலாம்.

அரிசிதானே, அப்புறம் எதுக்கு லேபிளைப் படிக்கச் சொல்றீங்க?

பெரும்பாலும் அரிசி மாவு, மரவள்ளி மாவு, உப்பு, தண்ணீர் என்று நான்குதான் இருக்கும். சிலவற்றில் மரவள்ளிதான் முதலில் வரும், பரவாயில்லை. ஆனால் கோதுமை கலந்த தாள்களும் உண்டு, கோதுமை ஓடுகிற ஆலையிலேயே இதையும் செய்கிறவர்களும் உண்டு. பாக்கெட்டின் பின்பக்கத்தில் 'கோதுமை இருக்கக்கூடும்' என்ற வரி இருந்தால் சீலியாக் உள்ளவர்களுக்கு, அதாவது கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கிற நோய் உள்ளவர்களுக்கு, வேண்டாம். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி.

சிலர் இன்னொன்றும் கேட்பார்கள்: ஒட்டரிசி, கவுனி அரிசி எல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகிறதே, அதில் குளூட்டன் இருக்குமோ? இல்லை. அந்த ஒட்டல் மாவுச்சத்தின் குணம். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். மைதா, ரவை, சேமியா, சம்பா கோதுமை எல்லாம் கோதுமைக் குடும்பம்தான். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, வரகு எதிலும் அது கிடையாது.

சப்பாத்தி, பரோட்டாவை நிப்பாட்டியாச்சு. இன்னும் என்ன பாக்கணும்?

பெருங்காயம். எங்கள் வீட்டில் ஆறு மாதம் கோதுமையின் வாசமே இல்லாமல் சமைத்தும் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கவில்லை. அக்கா தன் சமையலையே சந்தேகப்பட்டு அழுதாள். கடைசியில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தால், சேர்மானத்தில் கோதுமை மாவு. சுத்தப் பெருங்காயம் காரம் தாங்காது என்பதால் மாவும் பிசினும் கலந்துதான் விற்பார்கள். சிலர் அரிசி மாவு கலக்கிறார்கள், பலர் கலப்பது மைதா. சாம்பார், ரசம், இட்லிப் பொடி என்று நம் சமையலில் அது தினமும் விழுகிறதே! பஃப்ஸ் மசாலாவில் நான் பெருங்காயமே போடுவதில்லை.

அடுத்தது மாவு மில். நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள், மிஷினில் தங்கிய மாவு நம் அரிசி மாவில் வந்து சேரும். அதனால் இந்தப் பிள்ளைக்கான மாவை வீட்டு மிக்சியில்தான் அரைக்கிறோம். சோயா சாஸ், மால்ட் கலந்த பானங்கள், சில பேக்கிங் பவுடர்கள், இவற்றின் லேபிளையும் படியுங்கள். ஓட்ஸில் குளூட்டன் இல்லை என்றாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும். சான்று அச்சிட்ட பாக்கெட் இல்லையென்றால் தொடாதீர்கள்.

என் பையனுக்கு சப்பாத்தி சாப்பிட்டா வயிறு உப்புது. நாளையிலருந்தே நிப்பாட்டிடவா?

அவசரப்படாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். சீலியாக் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் சதைப் பரிசோதனையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். நீங்களாக நிறுத்திவிட்டுப் போனால் இருப்பதும் இல்லாதது மாதிரி வரும், பிறகு மறுபடியும் சில வாரம் கோதுமை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் இது இருக்கிறது. நம் பக்கம் ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற கணக்கு. அதனால் இங்கே சட்டென்று யாருக்கும் தோன்றாது. அக்கா மகளுக்கு வயிற்றுக்கோளாறே பெரிதாக இல்லை. ரத்தசோகை, உயரம் கூடவில்லை, அவ்வளவுதான். வயிறு உப்புவதற்கு வேறு நூறு காரணமும் உண்டு. இதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை, மாவு பிசைகிறவள்.

மைதாவே இல்லாம பஃப்ஸ் எப்படி வரும்?

உண்மையைச் சொன்னால், வராது. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற பஃப்ஸ் வேறு. மைதா மாவில் குளூட்டன் ரப்பர் மாதிரி இழுத்துக்கொடுக்கும். அதைத் தேய்த்து, நடுவில் கொழுப்பை வைத்து, மடித்துத் தேய்த்து, மறுபடி மடிக்க மடிக்க, மெல்லிய அடுக்குகள் கிழியாமல் நிற்கும். சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் தூக்கும். கடித்தால் சட்டை முழுவதும் தூள் கொட்டுவது அதனால்தான். ரைஸ் பேப்பரில் இந்த இழுவை கிடையாது. அது ஏற்கெனவே வெந்து காய்ந்த மாவுச்சத்து.

இப்போது கீழமாசி வீதிக்காரர் காட்டிய வடகத்துக்கு வருகிறேன். கூழ் காய்ச்சி, ஊற்றிக் காயவைத்த அரிசி வடகமும் ரைஸ் பேப்பரும் ஒரே சாதி. காய்ந்தது மாதிரி இருந்தாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கும். சூடு பட்டதும் மாவுச்சத்து இளகும், ஈரம் ஆவியாகி அதை ஊதிவிடும், அப்படியே இறுகிப் பொரபொரப்பாக நிற்கும். நம்பாவிட்டால் ரைஸ் பேப்பரில் ஒரு துண்டை நனைக்காமல் அப்படியே நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போடுங்கள். இரண்டு நொடியில் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும்.

இதை மைதாவுக்கு மாற்று என்று நினைத்துச் செய்தவரைக்கும் எனக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. வடகத்தின் சித்தப்பா பிள்ளை என்று நினைத்துச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் கைக்கு வந்தது. கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

தண்ணியில எவ்வளவு நேரம் ஊறணும்? எனக்குக் கொழகொழன்னு போயிருது.

ஊறவே கூடாது. அகலத் தட்டில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, தாளை இந்தப் பக்கம் இரண்டு நொடி, அந்தப் பக்கம் இரண்டு நொடி காட்டி எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது தாள் விறைப்பாகத்தான் இருக்கும், 'இன்னும் நனையவில்லையே' என்று கை மறுபடி தட்டுக்குப் போகும். போகவிடாதீர்கள். பலகையில் வைத்தபின் அதுவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முதலில் ஓரம் தொங்கும், அப்புறம் நடுவிலிருக்கும் மூங்கில் கட்டம் மங்கும். கட்டம் பாதி மறைந்திருக்கும்போது மடிக்க வேண்டும். முழுக்க மறைந்துவிட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

வெந்நீர் வேண்டாம், நொடியில் குழைந்துவிடும். மின்விசிறியையும் நிறுத்துங்கள். மதுரைக் காற்றுக்கு நடு இன்னும் இளகாமல் இருக்கும்போதே ஓரம் காய்ந்து முறுக்கிக்கொள்கிறது. சித்திரை மாதத்தில் இந்த வேலையைக் காலை ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுவேன். மரப்பலகை என்றால் சப்பாத்தி தேய்த்த பலகை ஆகாது, அதன் கீறல்களில் மாவு தங்கியிருக்கும்.

சரி, உங்க பஃப்ஸ் அளவைச் சொல்லுங்க.

ஆறு பஃப்ஸுக்குப் பன்னிரண்டு தாள். இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு பெரிய வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், சோம்பு, மஞ்சள்தூள், கரம் மசாலா, உப்பு. வெங்காயம் ஓரம் சிவக்கும்வரை வதக்கி, மசித்த கிழங்கைப் போட்டு, சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை கிளறி, முழுக்க ஆறவிடுங்கள். சூடாக வைத்தால் தாள் உள்ளிருந்தே குழைந்து ஓட்டை விழும். முட்டை பஃப்ஸ் என்றால் அவித்த முட்டையில் பாதியை இந்த வெங்காய மசாலா மேல் கவிழ்த்து வையுங்கள்.

ஒரு தாளை நனைத்து விரித்து, உருக்கிய வெண்ணெயை லேசாகத் தடவி, ஒரு சிட்டிகை அரிசி மாவு தூவுங்கள். அதன் மேல் இரண்டாவது தாள். இந்த வெண்ணெயும் மாவும் இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டி ஒரே தடித்த தோலாகிவிடும். நடுவில் இரண்டு மேசைக்கரண்டி மசாலா வைத்து நான்கு பக்கமும் சதுரமாக மடித்து, மடிப்பு கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே முட்டை அல்லது எண்ணெய் தடவி, எண்ணெய் பூசிய பட்டர் பேப்பரில் ஒன்றுக்கொன்று தொடாமல் அடுக்கி, 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். அலுமினியத் தாளில் மட்டும் வைக்காதீர்கள், உரிக்கவே முடியாது.

வெளியே வரும்போது மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். கடித்தால் மடக்கென்று சத்தம் வரும், தூள் கொட்டாது. முதல் தடவை சாப்பிட்டுவிட்டு அக்கா மகள் சொன்னது: "சித்தி, இது பஃப்ஸ் இல்ல. ஆனா இன்னொண்ணு குடு."

ரீல்ஸ்ல ரைஸ் பேப்பர் குரோசான்ட் காட்டுறாங்களே, அது நெசமா?

நிஜம்தான். குரோசான்ட் என்பது பிறை மாதிரி சுருட்டிச் சுடுகிற பிரெஞ்சு அடுக்கு ரொட்டி. 2024 வாக்கில் ஊரெல்லாம் அதைத்தான் காட்டினார்கள். ஆனால் வீடியோவில் பிய்க்கும்போது பஞ்சு மாதிரி தெரிவது பஞ்சு இல்லை. உள்ளே தேன்கூடு மாதிரி கண் கண்ணாக, கொஞ்சம் ரப்பராக இருக்கும். தேங்காய்ப்பால், மரவள்ளி மாவு, முட்டை வைத்து வியட்நாமில் பான் போ நூங் என்று ஒரு கேக் செய்வார்கள், குணம் அதற்குக் கிட்டே வரும்.

எனக்கு வருகிற அளவு: பத்து தாள், இரண்டு முட்டை, 150 மில்லி பால், 50 கிராம் உருக்கிய வெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு. பாலும் முட்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது சில்லென்று இருந்தால் வெண்ணெய் கட்டி கட்டியாக உறைந்துவிடும், அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். பேக்கிங் பவுடரைக் கடைசியில் போட்டு, உடனே வேலையைத் தொடங்குங்கள். இங்கே தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு தாளையும் இந்தக் கரைசலில் முக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பத்து நிமிடத்தில் இளகிவிடும். ஆறு முக்கோணமாக வெட்டி, அகலப் பக்கத்திலிருந்து நுனிக்குச் சுருட்டி, மிச்சக் கரைசலை மேலே ஊற்றி, 180 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம்.

முப்பது நிமிடம் ஆகும்வரை கதவைத் திறக்காதீர்கள். உப்பி நிற்பது ஆவியால்தான். உள்ளே வேகாமல் கதவைத் திறந்தால் உட்கார்ந்துவிடும், மறுபடி எழும்பாது. நன்றாக வெந்ததுகூட வெளியே எடுத்ததும் கொஞ்சம் அமுங்கும், அது சகஜம். வெளுப்பாக இருக்கும்போது எடுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கருப்பட்டி நிறம் வரட்டும்.

நாங்க முட்டை சேக்க மாட்டோம். தயிர் போட்டுக்கலாமா?

போட்டுப் பார்த்தேன், கெட்டித் தேங்காய்ப்பாலிலும் பார்த்தேன். ருசி இருந்தது, உப்பல் இல்லை. ஊதின கண்ணறைகள் விழாமல் பிடித்து நிறுத்துவது முட்டைதான்; குளூட்டனும் இல்லை முட்டையும் இல்லை என்றால் தாங்குவதற்கு ஆள் இல்லை. சைவ வீடென்றால் குரோசான்டை விட்டுவிட்டு மேலே சொன்ன பஃப்ஸையோ கீழே வரும் சோமாஸையோ செய்யுங்கள். அவற்றில் முட்டைக்கு வேலையே இல்லை.

எங்க வீட்ல ஓவன் இல்லக்கா.

பஃப்ஸுக்கு ஓவனைவிட தோசைக்கல்லே நல்லது என்று சொல்வேன். கனமான கல், சிறு தீ, சுற்றிலும் நல்லெண்ணெய், ஒரு பக்கத்துக்கு ஆறு ஏழு நிமிடம். மூடி போடாதீர்கள். மூடினால் ஆவி மேலே தங்கித் தாள் நமத்துவிடும். ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் ஆகும். குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு வேகவைக்கிறார்களே, அதில் குரோசான்ட் வெந்துவிடும், மேலே நிறம் மட்டும் வராது.

எண்ணெயில போட்டேன், படார் படார்னு தெறிச்சுது. பயந்தே போனேன்.

ஈரம்தான் காரணம். நனைத்து மடித்ததும் போடக் கூடாது. பதினைந்து நிமிடம் வெளியே வைத்து, மேலே தொட்டால் பிசுபிசுப்பு போய் வறட்சியானபின் போடுங்கள். இப்போது மட்டும் மின்விசிறியைப் போட்டுக்கொள்ளலாம். மசாலா ஈரமாக இருந்தாலும் தாள் கிழிந்து உள்ளே எண்ணெய் புகுந்து வெடிக்கும். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று போதும். ஒன்றையொன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கப் போனால் இரண்டும் கிழியும். பூரி பொரித்த எண்ணெயில் பொரிக்காதீர்கள். அதில் கோதுமை மாவு தங்கியிருக்கும்.

உள்ள இனிப்பா என்ன வைக்கலாம்? ஜிகர்தண்டா பஃப்ஸ் செய்ய முடியுமா?

முடியாது. செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சுண்டக் காய்ச்சிய பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்துமாகக் கெட்டியாகக் கிளறி உள்ளே வைத்தேன். பத்து நிமிடத்தில் ஓவன் தட்டு முழுக்கப் பால் ஓடிக் கருகி, வீடெல்லாம் புகை. மாடி வீட்டு மதினி இறங்கி வந்து 'என்ன தீஞ்சுது' என்றார். ஈரம் விடுகிற எதையும் இந்தத் தாள் தாங்காது.

சிறுமலை வாழைப்பழம் அருமையாகப் பொருந்தும். சின்னப் பழம், சதையில் தண்ணீர் குறைவு. நெய்யில் நாட்டுச் சர்க்கரையோடு சுருள வதக்கி வையுங்கள். பழுத்து ஒழுகும் பூவன் வேண்டாம். தேங்காய்ப் பூரணம், கடலைப்பருப்புப் பூரணம் நன்றாக வரும். பேரீச்சம்பழமும் முந்திரியும் சேர்த்து அரைத்தால் வெல்லமே வேண்டாம். மாம்பழம் நறுக்கி வைத்தால் ஜிகர்தண்டா கதைதான்.

தீபாவளிக்கு சோமாஸ் இதுல வருமா?

ரைஸ் பேப்பருக்கென்றே கண்டுபிடித்த பலகாரமோ என்று தோன்றும், அவ்வளவு நன்றாக வரும். பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, வறுத்த தேங்காய்த்துருவல், ஏலக்காய், கசகசா என்று உள்ளே இருப்பதெல்லாம் காய்ந்த சாமான். ஒரே தாள் போதும். பாதித் தாளில் பூரணத்தை வைத்து அரைவட்டமாக மடித்து, காற்றை வெளியே தள்ளி ஓரத்தை அழுத்துங்கள். ஈரத் தாள் தானாக ஒட்டிக்கொள்ளும், சோமாஸ் கரண்டி வேண்டியதில்லை. கொஞ்சம் காயவிட்டுப் பொரித்தால் வெள்ளையாகப் பூத்து வரும். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கல்லாகிவிடும்.

ஒரே குறை, மைதா சோமாஸ் மாதிரி பத்து நாள் டப்பாவில் தாங்காது. அன்றைக்கன்றைக்குப் பொரிக்க வேண்டும்.

நேத்து செஞ்சது இன்னைக்குத் தோலு மாதிரி இழுக்குது. ஏன்?

வெந்த மாவுச்சத்து ஆற ஆற மறுபடி இறுகும். பழைய இட்லி விறைப்பது, ஆறின களி கட்டியாவது எல்லாம் அதுதான். கூடவே காற்றிலிருக்கும் ஈரத்தையும் உள்ளிருக்கும் மசாலாவின் ஈரத்தையும் மேல் தோல் குடித்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும்.

மறுநாள் சாப்பிட வேண்டுமென்றால் ஓவனிலோ தோசைக்கல்லிலோ ஐந்து முதல் ஏழு நிமிடம் சூடாக்குங்கள், முக்கால்வாசி பழைய மொறுமொறுப்பு வரும். மைக்ரோவேவ் வேண்டாம், சூயிங்கம் ஆகிவிடும். பல்செட் போட்ட பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஆறினதைக் கொடுக்காதீர்கள். எங்கள் தாத்தாவின் மேல்வரிசையைப் பஃப்ஸோடு சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு விலை குடுக்குறதுக்கு நாமளே ரைஸ் பேப்பர் செஞ்சுட்டா என்ன?

இலை வடகம் போடத் தெரிந்த வீடுகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஒரு பங்கு பச்சரிசி மாவு, ஒரு பங்கு ஜவ்வரிசி மாவு. ஜவ்வரிசியும் மரவள்ளியிலிருந்து வருவதுதானே, சேலத்துச் சரக்கை மிக்சியில் நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம். நீர் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாக ஊற்றி, ஒன்றரை நிமிடம் ஆவியில் வைத்தால் கண்ணாடி மாதிரி உரிந்து வரும். இதுவரைக்கும் சுகம்.

காயவைப்பதில்தான் சிக்கல். மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் போட்டேன். சித்திரை வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் நாலு ஓரமும் எழுந்து சுருண்டு நடுவில் பிளந்துவிட்டது. நிழலில் காயவைத்தால் வளைந்து காய்ந்தது, நனைத்தபோது ஓரிடம் குழைய ஓரிடம் விறைத்தது. தட்டிலிருந்து எடுத்ததைக் காயவைக்காமல் ஆறியதும் அப்படியே மடித்துக் கல்லில் போட்டால் மட்டும் நன்றாக இருந்தது. பிளந்து போன தாள்களை உடைத்து வடகமாகப் பொரித்துச் சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.

கோதுமை இல்லைன்னா சுகர் உள்ளவங்களுக்கு நல்லதுதானே?

இல்லை. ஒரு தாள் சுமார் பத்து கிராம், கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, நார்ச்சத்து இல்லை. சீக்கிரம் சர்க்கரையாக மாறும். இரண்டு தாளும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பஃப்ஸ் சுகர்காரர்களுக்குச் சலுகை எதுவும் தராது. கோதுமை ஆகாதவர்களைத் தவிர மற்றவர்கள் இதை ருசிக்குச் சாப்பிடலாம், உடம்புக்கு நல்லது என்று சாப்பிட வேண்டியதில்லை.

கொழுக்கட்டை, இடியாப்பம், பணியாரம் எல்லாமே கோதுமை இல்லாததுதானே. அதெல்லாம் இருக்க இந்த வியட்நாம் பேப்பர் எதுக்கும்மா?

இது தெப்பக்குளத்துப் பெரியம்மா கேட்டது. கேட்டதில் தப்பே இல்லை. வீட்டில் தினப்படிப் பலகாரத்துக்கு எனக்கும் பணியாரச் சட்டிதான். மலிவு, சுலபம், ஆறினாலும் தின்னலாம்.

ஆனால் பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் பெட்டி பெட்டியாகப் பஃப்ஸ் வரும். வகுப்பே தின்னும்போது இவள் மட்டும் டிபன் பாக்ஸில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'எனக்குப் பசிக்கல' என்று சொல்லிவிட்டு அதையும் தின்னாமல் கொண்டுவருவாள். இப்போது யாருக்குப் பிறந்தநாள் என்று முதல்நாளே எனக்குச் சொல்லிவிடுகிறாள். காலையில் ஏழரைக்குக் கல்லிலிருந்து எடுத்து, ஆறவிட்டு, டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, டப்பாவின் மூடியைக் கொஞ்சம் திறந்தபடி வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். பதினொரு மணி இடைவேளைக்குள் பாதி நமத்துத்தான் போகும். இரண்டு வைத்தால் போதாது, தோழிகள் பிடுங்கித் தின்கிறார்கள் என்று நான்காகக் கேட்டிருக்கிறாள்.